சாப்பாட்டு வீடியோக்களும் நம் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான கடலோர ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகள் செல்போனில் பார்க்கும் சாப்பாட்டு வீடியோக்களைப் பற்றியே இருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வருவதால், கடலுக்குப் போகாத அப்பாவின் செல்போனும் பள்ளிக்குப் போகாத பிள்ளையும் பகல் முழுவதும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இது. ஆகவே இந்த இதழை அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தட்டில் இறாலும் நண்டும் முட்டையும் மலைபோலக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவரே சாப்பிட்டு முடிக்கும் வீடியோக்களைத்தான் எப்போதும் பார்க்கிறான். அதைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறது. நான் சத்தம் போட்டால், "சாப்பாடுதானே பார்க்கிறான், கெட்ட படமா பார்க்கிறான்?" என்கிறார் என் கணவர். எது சரி?
– வாசகி ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: உங்கள் கணவரின் கேள்வி நியாயமானது. ஒரு படம் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கும்போது அடிதடி, ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை ஆகியவற்றைத்தான் நாம் தேடிப் பழகியிருக்கிறோம். சாப்பாட்டு வீடியோவில் இவை எதுவும் இருப்பதில்லை என்பதால், அது யாருடைய சோதனைக்கும் உட்படாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு மனிதர் எவ்வளவு சாப்பிடலாம், எவ்வளவு வேகமாகச் சாப்பிடலாம், எது சாப்பாடு, எது சாப்பாடில்லை என்பதையெல்லாம் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

உங்கள் மகன் பார்ப்பதற்கு முக்பாங் என்று பெயர். சாப்பிடுதல், ஒளிபரப்பு என்று பொருள்படும் இரண்டு கொரியச் சொற்களைச் சுருக்கி உண்டாக்கிய பெயர் அது. 2010ஐ ஒட்டித் தென்கொரியாவின் இணைய நேரலைகளில் பரவிய இந்த வழக்கம், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு எதிரே ஒரு துணை இருப்பது போன்ற ஆறுதலைத் தந்தது. பார்ப்பவர் எண்ணிக்கை பெருகப் பெருகத் தட்டின் அளவும் பெருகிவிட்டது. 2021 ஏப்ரலில் சீனா நிறைவேற்றிய உணவு வீணடிப்புத் தடுப்புச் சட்டம், அளவு மீறித் தின்னும் வீடியோக்களைத் தயாரித்துப் பரப்புகிறவர்களுக்கு 1 லட்சம் யுவான் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நமக்கு அப்படியொரு சட்டம் வேண்டுமா என்பது வேறு பேச்சு. ஆனால் "சாப்பாடுதானே" என்று ஓர் அரசு விட்டுவிடவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லலாம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பேரனுக்கு 10 வயது. "இந்த அண்ணன் ஒரே மூச்சில் 100 முட்டை சாப்பிடுவார் பாட்டி" என்று வியந்து காட்டினான். நான் செல்போனைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறதே, அதைப் பார்" என்று மட்டும் சொன்னேன். முதல் முட்டையை எடுத்தபோது மணி பதினொன்றரை. வீடியோவில் ஆறு நிமிடம் கழித்து, குவியல் பாதியானபோது கடிகாரத்தில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்னோக்கி ஓட்டினான். சட்டைக் காலரில் இருந்த குழம்புக் கறை ஓரிடத்தில் மறைந்துபோவதையும், சன்னலில் விழுந்த வெயில் ஓரிடத்தில் சட்டென்று இடம் மாறுவதையும் அவனே கண்டுபிடித்தான். நடுவில் அந்த அண்ணன் எழுந்து போயிருக்கிறார், ஓய்வெடுத்திருக்கிறார், ஒருவேளை துப்பியும் இருக்கலாம் என்று அவனே சொன்னான். அதன்பின் ஒரு வாரம் வெட்டு விழுந்த இடங்களைத் தேடுவதற்காகவே பார்த்தான். பிறகு அவனுக்கே சலித்துவிட்டது.

இத்தகைய வீடியோவை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் நம் ஊர்ப் பந்திதான். கல்யாணப் பந்தியில் ஒருவர் இப்படிக் குவித்துக்கொண்டு, மெல்லாமல் விழுங்கி, பாதியை இலையில் எறிந்துவிட்டு எழுந்தால், பிள்ளையை அவருக்கு எதிரே உட்கார வைத்து "பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம் என்றால் அந்த வீடியோவும் பிள்ளைக்கு ஆகாது. இதற்காக முழு வீடியோவையும் ஒரு தடவையாவது நீங்கள் பார்த்தாக வேண்டும். முதல் நிமிடத்தில் எல்லாமே கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும்.

பார்ப்பதால் மட்டும் என்ன வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 9 முதல் 11 வயது வரையிலான 176 பிள்ளைகளைக் கொண்டு செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகப் பிரபலங்கள் நொறுக்குத்தீனியோடு இருக்கும் படங்களைப் பார்த்த பிள்ளைகள், வேறு பொருள்களோடு இருக்கும் படங்களைப் பார்த்த பிள்ளைகளைவிட ஏறத்தாழக் கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வெறும் படத்துக்கே இப்படி என்றால், மெல்லும் ஒலியோடு ஓடும் வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரேயடியாகத் தடுக்காதீர்கள். முதலில் சாப்பாட்டு நேரத்தில் செல்போன் வேண்டாம் என்பதை அப்பா உட்பட வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக்குங்கள். முதல் மூன்று நான்கு நாள் சூடை மீன் குழம்பும் சோறும் தட்டிலேயே காயும். காயட்டும், பசி வந்தால் கை தானே போகும். பார்க்கும் நேரத்தில், தின்பதைக் காட்டும் வீடியோவிலிருந்து சமைப்பதைக் காட்டும் வீடியோவுக்கு அவனைத் திருப்புங்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் பையன்கள் ஒரு சவால் வீடியோவைப் பார்த்துவிட்டு, இடைவேளையில் முண்டு மிளகாயைப் பந்தயம் கட்டித் தின்கிறார்கள். ஒரு மாணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு துடித்துப்போனான். இது விளையாட்டா, கண்டிக்க வேண்டியதா?
– ஆசிரியர் ஒருவர், சாயல்குடி

பதில்: கண்டிப்பாகத் தடுக்க வேண்டியது. நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். குழம்புக்கு நிறமும் மணமும் தருவதற்காக விளைவித்த மிளகாயைப் பந்தயப் பொருளாக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது.

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மிகக் காரமான ஒற்றைச் சிப்ஸைத் தின்னும் சவாலில் கலந்துகொண்ட 14 வயது மாணவன் அன்றே இறந்துபோனான். காரச்சத்தை அளவு மீறி உட்கொண்டதால் இதயமும் மூச்சும் நின்றதாகவும், அவனுக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருந்ததாகவும் பிணக்கூறாய்வு சொன்னது. அந்தக் குறைபாடு முன்பே யாருக்கும் தெரிந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் யாருக்கு என்ன குறை ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது. வீசிங் உள்ள பிள்ளைக்கு மிளகாய் நெடியே போதும். 2024 ஜூனில் டென்மார்க் அரசு மூன்று வகைக் கொரியக் கார நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னதும், அடுத்த மாதம் அவற்றில் இரண்டை மட்டும் மீண்டும் அனுமதித்ததும் இதே அச்சத்தால்தான்.

சவால் என்ற சொல் தலைப்பில் இருந்தாலே அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்கு ஆகாத வரிசையில் வைத்துவிடுங்கள். அதில் விதிவிலக்குத் தேட வேண்டியதில்லை. இனி எவனாவது தின்றுவிட்டால் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை, காரச்சத்து தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொட விடாதீர்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. செல்போனில் பொம்மைகள் சமைப்பதைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள். பொம்மைப் படம்தானே, காட்டலாமா?
– வாசகி ஒருவர், ஏர்வாடி

பதில்: இரண்டு வயதுக்குள் எந்த வீடியோவும் வேண்டாம் என்பதே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் தந்த வழிகாட்டுதல். கண் திரையில் இருக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. காக்கையைக் காட்டியும் நிலாவைக் காட்டியும் ஊட்டிய கை உங்களுடையது. திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மகளோ மருமகளோ குழந்தை உணவு வீடியோ பார்த்துச் சமைக்கிறார்கள் என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கச் சொல்லும் வீடியோவும், இவ்வளவு சிறிய குழந்தைக்கு முழு நிலக்கடலை கொடுக்கச் சொல்லும் வீடியோவும் தவறானவை. முதலாவதில் நஞ்சேறும் ஆபத்து உண்டு, இரண்டாவது மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் நம் வழக்கத்தையும் இதே காரணத்துக்காகவே மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

கேள்வி: என் மகள் 12 வயதுக்காரி. சமையல் வீடியோ பார்த்துத் தானே சமைக்க வேண்டும் என்கிறாள். போன வாரம் 40 விநாடி வீடியோவைப் பார்த்துத் தொதல் அல்வா கிண்டப் போகிறேன் என்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். எந்த வீடியோவை நம்பி விடுவது?
– ஓர் உம்மா, கீழக்கரை

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சி தந்தது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 10 முதல் 12 வயது வரையிலான 125 பிள்ளைகளிடம் செய்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. நல்ல உணவு சமைப்பதைக் காட்டும் நிகழ்ச்சியைப் பார்த்த பிள்ளைகள், பிறகு தின்பண்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பழம் காய்கறி போன்றவற்றை எடுக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 2.7 மடங்கு கூடுதலாக இருந்ததாம். ஆகவே சமையல் வீடியோ நல்ல ஆசானாகவும் இருக்க முடியும்.

ஆனால் தொதலை 40 விநாடியில் காட்டுவது ஆசான் செய்யும் வேலை இல்லை. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து கொதித்து, சுண்டி, சட்டியை விட்டு உருண்டு வரும்வரை மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்ட வேண்டும் என்பதும், அந்தக் கொதியில் ஒரு துளி தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு எரிக்கும் என்பதும் உங்கள் ஊரில் உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்த வீடியோவில் கிண்டும் கையும் இல்லை, அதற்குச் செலவான நேரமும் இல்லை. பிள்ளைக்கு ஏற்ற சமையல் வீடியோ எது என்று கேட்டால், நேரத்தைச் சொல்லும் வீடியோ என்பேன். அடுப்பைப் பற்றவைப்பதையும் அணைப்பதையும் காட்ட வேண்டும், கத்தியைப் பிடித்த கை முழுவதும் தெரிய வேண்டும், மீனைத் தொட்ட கையைக் கழுவியபின் வேறு பொருளைத் தொட வேண்டும், அடிப்பிடித்தால் அதையும் மறைக்காமல் காட்ட வேண்டும். இசையை மட்டும் போட்டு, வாய் பேசாமல் பரபரவென்று ஓடும் வீடியோக்களில் இவை எதுவும் இருப்பதில்லை.

சமையல் தந்திரம் என்ற பெயரில் வரும் வீடியோக்களை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். 2019இல் சீனாவின் சாண்டோங் மாகாணத்தில், தகரக் குவளையில் ஆல்கஹாலை எரித்துச் சோளப்பொரி செய்ய முயன்ற இரண்டு சிறுமிகள் தீக்காயம் பட்டு, 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அவர்கள் ஒரு பிரபல வீடியோவைப் பார்த்தே செய்தார்கள் என்றனர் குடும்பத்தார். தன் முறை வேறு என்றார் வீடியோ போட்டவர். அந்த வழக்காடலால் உயிர் திரும்பவில்லை.

உங்கள் மகளுக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். எந்த வீடியோவானாலும் முதல் தடவை பார்க்க மட்டும் வேண்டும். பார்த்து முடித்ததும் செல்போனை மூடிவிட்டு, என்னென்ன செய்ய வேண்டும், எந்த இடத்தில் தீ, எந்த இடத்தில் கத்தி, எந்த இடத்தில் கொதி எண்ணெய் என்று உங்களிடம் வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வீடியோ சரியாகக் கற்றுத்தரவில்லை என்று பொருள். எண்ணெய்ச் சட்டியும் குக்கரும் நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும். கை சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட் தடவச் சொல்லும் வீடியோவை நம்ப வேண்டாம். தொதலை இந்தப் பெருநாளைக்கு உங்களோடு சேர்ந்து கிண்டட்டும்.

கேள்வி: ஜப்பான்காரர்கள் பேத்தை மீனைத் தின்பதையும் சீனாக்காரர்கள் கடல் அட்டையைத் தின்பதையும் வீடியோவில் பார்த்துவிட்டு, "நாம் ஏன் தூக்கிப் போடுகிறோம்? நான் சுட்டுத் தின்று பார்க்கட்டுமா?" என்று கேட்கிறான் என் மகன். என்ன பதில் சொல்வது?
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

பதில்: அண்ணே, உங்கள் மகன் உங்களிடம் கேட்டானே, அதுவே பெரிய காரியம். உள்நாட்டுப் பிள்ளைக்கு வெறும் வேடிக்கையாக இருக்கும் அதே வீடியோ, வலை உதறும் இடத்தில் பேத்தை கிடக்கும் பாம்பன் கரையில் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே வீடியோவில் காட்டும் பொருள் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே அது ஏற்றதா என்று முடிவு செய்ய வேண்டும்.

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு வேகவைத்தாலும் சுட்டாலும் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கை கால் விழும், கடைசியில் மூச்சு நிற்கும்; அதற்கு முறிவு மருந்து கிடையாது. ஜப்பானில் அதற்கென்று பயிற்சி பெற்றுத் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர்தான் அந்த மீனை அறுக்கலாம். வீடியோவில் தட்டு வருகிறதே ஒழிய அந்த உரிமம் வருவதில்லை. மகனை ஒருநாள் கரைக்கு அழைத்துப் போய், நீங்களும் உங்கள் அப்பாவும் பேத்தையை ஏன் ஒதுக்கினீர்கள் என்று மீனைக் காட்டியே சொல்லுங்கள்.

கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடித்தாலோ வைத்திருந்தாலோ சிறை என்பது உங்களுக்குத் தெரியும், மகனுக்கும் தெரியட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது இத்தகைய உயிர்களுக்காகத்தான். பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, உயிரோடு வாயில் போடும் வீடியோவும் அவன் கண்ணில் பட்டிருக்கும். துடிக்கும் கால் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

கேள்வி: வீடியோவில் "குழந்தைகளுக்கானது" என்ற குறிப்பு இருந்தால் நம்பலாமா?
– வாசகர் ஒருவர், தேவிபட்டினம்

பதில்: அதை மட்டும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்த வழக்கில் 2019இல் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட பிறகு, 2020 ஜனவரியில் யூடியூப் கொண்டுவந்த குறிப்பு அது. குழந்தைகளைக் குறிவைத்து எடுத்த வீடியோ என்பதே அதன் பொருள்; அதன் பயனாகக் கருத்துப் பகுதி மூடப்படும், பார்ப்பவரின் பழக்கத்தைப் பின்தொடரும் விளம்பரங்கள் நிற்கும். உள்ளே இருக்கும் சாப்பாடு நல்லதா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. வண்ண வண்ணப் பஞ்சுமிட்டாயைக் குழந்தைப் பாட்டோடு காட்டும் வீடியோவும் அந்தக் குறிப்போடு வரலாம். ரோடமின் பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு ஏப்ரலில், புகை கக்கும் பிஸ்கட்டைத் தின்ற சிறுவன் வலியால் துடிக்கும் வீடியோ பரவியபின், மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை உணவோடு அப்படியே கொடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது.

யூடியூப் கிட்ஸ் செயலியில், பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் வரும்படி அமைக்க முடியும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். சாதாரண யூடியூப் என்றால் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். வீடியோவின் தொடக்கத்தில் பணம் பெற்ற விளம்பரம் என்ற அறிவிப்பு சில விநாடி வந்து மறையும், அதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை சொல்கிறது. பிள்ளையின் கையிலுள்ள செல்போனுக்கு அந்த 50 மீட்டரை அளந்து கொடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தான்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். "ஒரு நாளில் நான் சாப்பிடுவது" என்று அக்காமார் போடும் வீடியோக்களைப் பார்த்து நானும் மதியம் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். இப்போது தலை சுற்றுகிறது. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. அந்த வீடியோக்கள் தப்பா?
– மாணவி ஒருவர், ராமநாதபுரம்

பதில்: அன்பு மகளே, நீ எழுதியது நல்லதாயிற்று. பயப்படாதே, தப்புச் செய்தவள் நீ இல்லை. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2400 கிலோகலோரி தேவை என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர்களின் கணக்கு. நீ பார்க்கும் அக்கா வளர்ந்து முடித்தவர். உனக்கு எலும்பும் ரத்தமும் இன்னும் கூடிக்கொண்டிருக்கின்றன. அவர் தட்டில் பாதி உனக்குக் காணாது. உடம்பை இளைக்கச் சொல்லி, கலோரியை எண்ணச் சொல்லி வரும் வீடியோக்கள் உன் வயதுக்கு ஏற்றவை அல்ல. பிள்ளைகள் பார்த்துப் பின்பற்றக்கூடிய ஆபத்து இருப்பதால் அத்தகைய சிலவற்றை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று யூடியூப்பே 2023இல் விதி செய்தது.

இந்தப் பக்கத்தை மடித்து அம்மாவின் கையில் கொடு. பேச வாய் வராவிட்டால் இதுவே பேசும். அம்மாவுக்குச் சொல்கிறேன்: கோபப்படாமல், இந்த வாரமே அரசு மருத்துவமனையில் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். வீட்டில் பேசவே முடியவில்லை என்றால், மகளே, 104 என்ற எண்ணையோ 1098 என்ற எண்ணையோ எந்த நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுது.